அநுபவத்துக்கு முன்னே ஒரு பட்டம்

கோயம்புத்தூரில் பிறந்து, சென்னை லயோலா கல்லூரியில் பௌதிகம் படித்துத் தேறிய சி. கே. பிரஹலாத், பத்தொன்பதாம் வயதில் சென்னையிலிருந்த யூனியன் கார்பைடு கம்பெனியின் பாட்டரித் தொழிற்சாலையில் வேலைக்கு அமர்ந்து, நான்கு ஆண்டுகள் அங்கே தொழிலாளர்களோடும் உற்பத்தியோடும் பழகிய பிறகே அகமதாபாத் ஐ.ஐ.எம்.முக்குச் சென்று 1966-ல் படிப்பை முடித்தார். ஏறக்குறையப் பத்தாண்டுகள் கழித்து, அதே சென்னையின் கிறிஸ்துவக் கல்லூரியில் விஞ்ஞானப் பட்டம் பெற்ற இந்திரா நூயி, இடையில் வேலைக்குப் போகாமல் நேரே கல்கத்தா ஐ.ஐ.எம்.மில் சேர்ந்து 1976-ல் வெளியே வந்தார். பிறகு சென்னையில் ஒரு துணிக் கம்பெனியிலும் பம்பாயில் ஜான்சன் அண்டு ஜான்சனிலுமாக இரண்டாண்டுக் காலம் உத்தியோகம் பார்த்துவிட்டு, 1978-ல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்துக்குப் போய் மறுபடியும் நிர்வாகமே படித்தார். முன்னவர் மிச்சிகன் பல்கலைக்கழகப் பேராசிரியராகி உலகத்துப் பெரிய கம்பெனிகளுக்கெல்லாம் யோசனை சொன்னதையும், பின்னவர் 2006 முதல் 2018 வரை பெப்ஸிகோவின் தலைமை நிர்வாகியாக இருந்ததையும் பத்திரிகை படிக்கிற எவரும் அறிவர்.

ஆகவே, வேலை பார்த்த பிறகுதான் நிர்வாகம் படிக்கவேண்டும் என்பவர் பிரஹலாதைச் சாட்சிக்கு அழைக்கலாம். படித்துவிட்டு வேலைக்குப் போனால் என்ன குறைந்துவிடும் என்பவர் நூயியை அழைக்கலாம். ஆனால், அநுபவமின்றி முதல் நிர்வாகப் படிப்பை முடித்த அவரே, சிறிது அநுபவம் சேர்ந்த பிறகு இரண்டாம் முறை வகுப்பறைக்குத் திரும்பினார் என்ற செய்தியை இந்த இரண்டாம் கட்சியார் பெரும்பாலும் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்.

இன்று தமிழ்நாட்டில் பி.இ.யோ பி.காம்.மோ முடிக்கப்போகிற, அல்லது முடித்து வேலைக்குச் சேர்ந்து ஓராண்டு நிறையாத பிள்ளைகள் இருக்கிற வீடுகளில், இந்தக் கேள்வி ஏதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டுக்குப் பின் கட்டாயம் எழும். சித்தப்பா, "ஒரு எம்.பி.ஏ.வைப் போட்டு வை" என்பார், அமெரிக்காவிலிருக்கும் அத்தை மகன், "இப்போதே வந்துவிடு" என்பான், ஆலோசனை நிலையத்துக்காரர்கள் வழவழப்பான காகிதத்தில் அச்சிட்ட படங்களைக் காட்டுவார்கள். எல்லோரும் எந்தக் கல்லூரி உயர்ந்தது என்ற தரவரிசையைத்தான் புரட்டுகிறார்களேயன்றி, இந்தப் படிப்பு யாரை மனத்தில் கொண்டு வகுக்கப்பட்டது என்று கேட்பவர் அரியர். என் அபிப்பிராயத்தில், அநுபவம் குறைந்தவர் கேட்கவேண்டிய முதற் கேள்வியும் முக்கியமான கேள்வியும் அதுதான். ஏனென்றால், ஒரே துறையில் ஒரே மாதிரியான பாடப் பெயர்களோடு நடத்தப்படும் இரண்டு பட்டங்களில் ஒன்று வேலை பார்த்தவருக்கென்றும் மற்றொன்று பாராதவருக்கென்றும் அடியிலிருந்தே வேறுபட்டு அமைந்திருக்கக்கூடும்.

எம்.பி.ஏ. என்ற பட்டம் 1908-ல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் உதித்தது. வெகுகாலம்வரை அமெரிக்காவிலும் கல்லூரியை விட்டு நேரே வருகிற இளைஞர்கள் அதில் ஏராளமாகச் சேர்ந்து வந்தார்கள். 1959-ல் போர்டு ஸ்தாபனமும் கார்னெகி ஸ்தாபனமும் தனித்தனியே அச்சிட்ட இரண்டு அறிக்கைகள், அந்நாட்டு வணிகக் கலாசாலைகளின் கல்வித்தரம் மட்டமானது என்று தயவு தாட்சணியமின்றிக் கண்டித்தபின், கணிதமும் பொருளாதாரமும் மனோதத்துவமும் அங்கே பெருவாரியாகப் புகுந்தன. அதன் பிறகே, உத்தியோகம் பார்த்துவிட்டு வருகிறவர்களையே முதன்மையாகச் சேர்த்துக்கொள்வது என்ற வழக்கம் மெல்ல மெல்ல வேரூன்றி, இன்று உலகத்தின் பெரும்பகுதியில் எழுதா விதியாகிவிட்டது. லண்டனைத் தலைமையிடமாகக் கொண்ட ஆம்பா என்னும் சங்கம், ஒரு கலாசாலையின் எம்.பி.ஏ. பட்டத்துக்கு அங்கீகாரம் கொடுப்பதானால், மாணவர்களுக்குக் குறைந்தபட்சம் மூன்றாண்டு அநுபவம் இருக்கவேண்டும் என்று எழுதியே வைத்திருக்கிறது. அநுபவமில்லாதாருக்கான நிர்வாக முதுகலைப் படிப்புகளை அது வேறொரு வகுப்பாகப் பிரித்துத் தனியே பரிசீலிக்கிறது.

இந்த நிபந்தனைக்குக் காரணம் வெறும் அந்தஸ்து அன்று. வகுப்பு நடக்கிற விதத்திலேயே அது அடங்கியிருக்கிறது. ஹார்வர்டில் தோன்றி 1920-களில் நிலைபெற்ற 'கேஸ்' முறையில், ஆசிரியர் விரிவுரை நிகழ்த்துவதில்லை. ஒரு கம்பெனியில் ஒரு சமயத்தில் ஏற்பட்ட சிக்கலைப் பத்துப் பதினைந்து பக்கங்களில் எழுதிக் கொடுத்து, படித்துவிட்டு வந்த மாணவர்களை ஒருவரோடொருவர் வாதாடவிட்டு, அந்த வாதத்தின் வழியாகவே பாடத்தை வெளிக்கொணர்கிறார். உதாரணத்துக்கு ஒன்று சொல்கிறேன். ஒரு பிஸ்கட் கம்பெனி. மாவட்டத் தலைநகரொன்றில் அதற்கு ஒரு ஸ்டாக்கிஸ்ட். தேதி மார்ச் 28. வருஷ முடிவுக்குள் அடையவேண்டிய இலக்கில் இன்னும் 6 லட்ச ரூபாய்ச் சரக்கு குறைகிறது. ஸ்டாக்கிஸ்டோ பழைய பில்லுக்கே பணம் கட்டாதவர். 21 நாள் கடன் தவணையை 45 நாளாக்கினால் அத்தனை சரக்கையும் எடுத்துக்கொள்வதாகச் சொல்கிறார். கிளை மானேஜர் என்ன செய்யவேண்டும்?

கல்லூரியிலிருந்து நேரே வந்த கெட்டிக்கார மாணவன், அதிகப்படியான 24 நாளுக்கு வட்டி என்ன, அதைக் கழித்தபின் லாபம் எவ்வளவு என்று ஐந்து நிமிஷத்தில் கணக்குப் போட்டு, லாபம் மிஞ்சுகிறபடியால் கொடுக்கலாம் என்பான். கணக்கில் ஒரு தசாம்சமும் பிசகியிராது. பின்வரிசையில், இரண்டாண்டு திருநெல்வேலிப் பக்கம் சேல்ஸ் ஆபீசராக அலைந்துவிட்டு வந்த மற்றொருவன் கையைத் தூக்கி, அந்தச் சரக்கு கடைகளுக்குப் போகாது, கோடவுனிலேயே கிடக்கும் என்பான். ஏப்ரல் மாதம் முழுவதும் அந்த ஊரிலிருந்து ஒரு ஆர்டரும் வராது, ஜூன் மாதத்தில் தேதி கடந்த பெட்டிகள் கம்பெனி தலையிலேயே திரும்பி வந்து விழும், செய்தி பரவிப் பக்கத்து ஊர் ஸ்டாக்கிஸ்டும் 45 நாள் கேட்பார் என்பான். இந்த இரண்டாவது மாணவனைப் போன்றவர்கள் வகுப்பில் நிறைய இருந்தால்தான் அந்த முறை பயன் தரும். முதல் மாணவன் இவனிடம் கற்றுக்கொள்வான். ஆனால் இவனுக்கு அவன் திருப்பிக் கொடுக்கக்கூடியது சொற்பம். கலாசாலைகள் அநுபவம் கேட்பதன் உள்ளர்த்தம் இந்தக் கொடுக்கல் வாங்கல்தான்.

கனடாவின் மக்கில் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹென்றி மின்ட்ஸ்பெர்க், 2004-ல் வெளியிட்ட ஒரு நூலில், நிர்வாகம் என்பது பயிற்சியால் வருகிற தொழில், ஒருநாளும் நிர்வாகம் செய்யாத இளைஞர்களை வகுப்பறையில் உட்காரவைத்து நிர்வாகிகளாக்க முயல்வது வீண் என்ற அளவுக்குப் போய்விட்டார். 1996-லேயே, பதவியில் இருக்கிற மானேஜர்களுக்கு மட்டும் ஒரு முதுகலைப் படிப்பைப் பிற நாட்டுக் கலாசாலைகளோடு சேர்ந்து தொடங்கியும் வைத்தார். அவர் சொல்வதில் முக்கால் பங்கு உண்மை என்றே எனக்குத் தோன்றுகிறது. எஞ்சிய கால் பங்கு எங்கே பிசகுகிறது என்றால், கணக்கியல், நிதி, புள்ளிவிவரம், சந்தையாராய்ச்சி முதலிய கருவி வித்தைகளை அநுபவமில்லாதவரும் நன்றாகவே கற்கலாம்; இன்னும் சொன்னால், குடும்பக் கவலைகள் சேராத இளம் வயதில் விரைவாகவே கற்கலாம். கற்க முடியாதது மனிதரை நடத்தும் கலை மட்டுமே. ஆகவே அநுபவமில்லாதவருக்கு உகந்த படிப்பு, கருவிகளை முதன்மையாகவும் தலைமைப் பண்பு பற்றிய பேச்சுகளைச் சுருக்கமாகவும் வைத்திருக்கும்.

நம் நாட்டு நிலைமை இந்த உலக வழக்கத்துக்கு விலக்கானது. ஜாம்ஷெட்பூரில் 1949-ல் எக்ஸ்.எல்.ஆர்.ஐ.யும், கல்கத்தாவில் 1953-ல் சமூக நல - வணிக நிர்வாகக் கழகமும் தொடங்கப்பெற்றன. 1961-ல் கல்கத்தாவிலும் அகமதாபாதிலும் ஐ.ஐ.எம்.கள் நிறுவப்பட்டு, முன்னதற்கு மாசசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் ஸ்லோன் கலாசாலையும் பின்னதற்கு ஹார்வர்டும் துணைநின்றன. தொழிற்சாலைகள் பெருகிவந்த அந்நாளில், குடும்பத்தாரையும் உறவினரையும் மட்டுமே நம்பிக் கம்பெனி நடத்த முடியாதென்ற நிலை உருவாகி, படித்த இளைஞர்களைப் பயிற்சி நிர்வாகிகளாக எடுத்து வளர்க்கும் வழக்கம் வந்தது. அதற்கு ஆள் தயாரித்துக் கொடுப்பதாகவே இந்த இரண்டாண்டுப் படிப்பு அமைந்தது. அமெரிக்கா பின்னர் மாறிக்கொண்டது, நாம் மாறவில்லை. அதனால் இன்றும் ஐ.ஐ.எம்.களின் இரண்டாண்டுப் படிப்புக்குரிய கேட் பரீட்சையைப் பட்டப்படிப்பின் கடைசி ஆண்டு மாணவரும் எழுதலாம். வேலை அநுபவம் நிபந்தனையன்று. இடையே இரண்டு மாதக் கோடைப் பயிற்சியும், முடிவில் கல்லூரிக்கே கம்பெனிகள் வந்து ஆளெடுப்பதும், அநுபவமில்லாதவரை வெளியுலகத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கென்றே ஏற்பட்ட ஏணிகள். அநுபவம் உள்ளவர்களுக்கென்று அகமதாபாத் ஐ.ஐ.எம். 2006-ல் தொடங்கிய ஓராண்டுப் படிப்பு தனி. அதற்குக் குறைந்தது நான்காண்டு வேலை வேண்டும்.

நம்மூருக்கு அருகிலேயே இதை ஒரே வளாகத்தில் பார்க்கலாம். புதுக்கோட்டைச் சீமையில் பிறந்து அமெரிக்காவில் பேராசிரியராயிருந்த பாலா பாலச்சந்திரன் 2004-ல் ஸ்தாபித்து, இப்போது மாமல்லபுரத்தை அடுத்த கடற்கரைச் சாலையில் நடந்துவரும் கிரேட் லேக்ஸ் கழகத்தில், இரண்டாண்டு வேலையாவது பார்த்தவர்களுக்கு ஓராண்டுப் படிப்பும், அத்தனை அநுபவம் சேராதவர்களுக்கு இரண்டாண்டுப் படிப்பும் தனித்தனியே இருக்கின்றன. ஒரு வருஷம் மிச்சமாகிறதே என்று அநுபவமில்லாதவர் ஓராண்டுப் படிப்புகளின்மேல் கண்வைப்பது சரியன்று. அந்த இரண்டாவது ஆண்டும் இடையிலுள்ள கோடைப் பயிற்சியும்தான் அவருக்கு உண்மையான லாபம்.

கேட் பரீட்சை, நவம்பர் மாதத்தில் கணினியில் நடப்பது. மொழி, தரவு ஆராய்ச்சி, கணிதம் என்ற மூன்று பகுதிகளுக்கும் நாற்பது நாற்பது நிமிஷம். சமீப ஆண்டுகளில் சுமார் 3 லட்சம் பேர் பதிவு செய்கிறார்கள். இதில் தேறி ஒரு நல்ல ஐ.ஐ.எம்.மில் இடம் கிடைத்துவிட்டால், அநுபவம் இல்லையே என்று மயங்காமல் சேர்ந்துவிடவேண்டும் என்பதே என் துணிபு. 2017-ம் வருஷத்து ஐ.ஐ.எம். சட்டத்துக்குப் பின், முன்போல டிப்ளோமாவாக இல்லாமல், எம்.பி.ஏ. பட்டமாகவே அவை வழங்கவும் முடிகிறது. 2011 முதல் திருச்சிராப்பள்ளியிலும் ஓர் ஐ.ஐ.எம். இருக்கிறது. அதற்கு அடுத்தபடியில்தான் தொல்லை. அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் டான்செட் பரீட்சையை எழுதி, கோயம்புத்தூர் அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியின் மூலம் நடக்கும் கலந்தாய்வில் இடம் பெறுகிறவர்களுக்கு முன்னே, சிறந்த துறைகளும் இருக்கின்றன, என்ஜினீயரிங் கல்லூரியின் மூன்றாம் மாடியில் நான்கு அறைகளை ஒதுக்கி 'எம்.பி.ஏ. துறை' என்று பலகை மாட்டியவையும் இருக்கின்றன. கட்டணம் குறைவென்ற ஒரே காரணத்துக்காகப் பின்னவற்றில் இரண்டு வருஷத்தைக் கழிப்பது வீண் விரயம். அதே இரண்டு வருஷத்தில் ஒரு வங்கியிலோ விற்பனைப் பிரிவிலோ சம்பளத்தோடு கற்றுக்கொள்ளக்கூடியது அதிகம்.

ஐரோப்பாவின் சம்பிரதாயம் வேறு. பாரிஸில் 1819-ல் தோன்றிய ஈ.எஸ்.சி.பி., 1881-ல் தோன்றிய எச்.ஈ.சி. போன்ற பெருங்கலாசாலைகள், இருபது வயது இளைஞர்களைக் கடுமையான போட்டிப் பரீட்சைகளில் வடித்தெடுத்து, வேலை அநுபவத்தைப் பொருட்படுத்தாமல், நிர்வாக முதுகலை வரையில் கொண்டு செலுத்துவதையே நெடுங்காலமாகச் செய்துவந்தன. 1999-ல் போலோனியா நகரத்தில் ஐரோப்பிய நாடுகள் செய்துகொண்ட உடன்பாட்டினால், இளநிலை, முதுநிலை என்ற இரு படிகள் கண்டம் முழுவதற்கும் பொதுவானபோது, இந்தப் பழைய வழக்கமே புதுப் பெயர் சூட்டிக்கொண்டு 'மாஸ்டர்ஸ் இன் மேனேஜ்மென்ட்' என்ற பட்டமாக வெளிநாட்டு மாணவர்களுக்கும் கதவைத் திறந்தது. எம்.பி.ஏ.வுக்கே பேர்போன லண்டன் பிசினஸ் ஸ்கூலும் 2009-ல் இப்படிப்பைத் தொடங்கிற்று. வேலை பார்த்திராதவரும் ஓராண்டு பார்த்தவரும் சேர்வதற்கென்றே அமைந்தது இது. வகுப்பிலுள்ள அனைவரும் ஒரே நிலையிலிருந்து புறப்படுகிறபடியால், பிஸ்கட் கம்பெனி வாதத்தில் நம் மாணவன் வாய்மூடி உட்காரவேண்டியதில்லை. மற்றொரு சௌகரியமும் உண்டு: பிற்காலத்தில் அநுபவத்தோடு எம்.பி.ஏ. படிக்க ஆசைப்பட்டால், இந்தப் பட்டம் அதற்குத் தடையாவதில்லை. முதலிலேயே எம்.பி.ஏ. என்ற பெயரில் ஒன்றை வாங்கிவிட்டவரோ, இரண்டாவது எம்.பி.ஏ. ஏன் என்ற கேள்விக்கு ஒவ்வொரு கலாசாலையிலும் பதில் சொல்லிக்கொண்டிருக்க நேரும்.

ஜெர்மனியில் இந்தப் பாகுபாடு விதியாகவே எழுதப்பட்டிருக்கிறது. இளநிலைப் பட்டத்தைத் தொடர்ந்து நேரே படிக்கும் முதுகலைகள் ஒரு வகை. தொழில் பார்த்தவர் மேற்கொண்டு படிக்கும் முதுகலைகள் மற்றொரு வகை. இரண்டாவதற்குப் பொதுவாக ஓராண்டுக்குக் குறையாத அநுபவம் வேண்டும், கட்டணமும் மிகுதி, எம்.பி.ஏ. அந்த வகையைச் சார்ந்தது. முதல் வகையில், மன்ஹைம் பல்கலைக்கழகத்தின் நிர்வாக முதுகலை பிரசித்தமானது. அது அமைந்துள்ள பாடன்-வியூர்ட்டெம்பெர்க் மாகாணம் 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் மாணவரிடம் அரையாண்டுக்கு 1,500 யூரோ வாங்குகிறது. லண்டன், பாரிஸ் கட்டணங்களோடு ஒப்பிட்டால் இது மிகச் சொற்பம். ஆனால், நம்மவர் 2022 நவம்பர் முதல் விசாவுக்கு முன்பே ஏ.பி.எஸ். என்னும் சான்றிதழ்ச் சரிபார்ப்பை முடித்தாகவேண்டும், மூன்றாண்டு பி.காம். போதுமா, கணிதமும் பொருளாதாரமும் போதிய அளவு படித்திருக்கிறாரா என்று ஒவ்வொரு பல்கலைக்கழகமும் நுணுக்கமாகப் பார்க்கும். பாடம் ஆங்கிலத்தில் நடந்தாலும், வேலை தேடப் புறப்படுகிற அன்று ஜெர்மன் பாஷை தெரியாமை பெரிய இடையூறாக வந்து நிற்கும். ஜெர்மனிக்குப் போகத் தீர்மானித்தவர், விமானச் சீட்டுக்கு முன் பாஷை வகுப்புக்குப் பணம் கட்டுவது விவேகம்.

அமெரிக்காவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அங்கே முதல்தர எம்.பி.ஏ. வகுப்புகளில் மாணவர்களின் சராசரி அநுபவம் நான்கைந்து ஆண்டுகள். ஆயினும் கல்லூரிக் கடைசி ஆண்டு மாணவருக்கும் அவை ஒரு வாசலை வைத்திருக்கின்றன: ஹார்வர்டின் 'டூ பிளஸ் டூ' திட்டத்தில் இப்போதே இடத்தை உறுதிசெய்துகொண்டு, குறைந்தது இரண்டாண்டு வேலை பார்த்தபின் போய்ச் சேரலாம், ஸ்டான்போர்டு முதலிய பிறவும் இவ்விதமே ஒத்திவைத்த அனுமதி தருகின்றன, யேலோ 'சில்வர் ஸ்காலர்ஸ்' என்ற பெயரில் சிலரை நேரே சேர்த்துக்கொண்டு, நடுவில் ஓராண்டு வேலைக்கு அனுப்பி, மூன்றாண்டில் பட்டம் கொடுக்கிறது. நம் நாட்டில், 2001-ல் திறக்கப்பட்ட ஹைதராபாத் ஐ.எஸ்.பி.யும் கல்லூரி மாணவருக்கு முன்கூட்டியே இடம் தரும் முறையைக் கொண்டிருக்கிறது. விண்ணப்பிக்க ஆகும் செலவைத் தவிர நஷ்டம் ஏதுமில்லாத இந்த வழியை நம் கல்லூரிகளில் ஆசிரியர்கள்கூட அறிந்திருப்பதில்லை என்பது விசனத்துக்குரியது. இவையன்றி, நிதி, வணிகத் தரவாய்வு முதலிய தனித்துறை முதுகலைகளும் அமெரிக்காவில் உண்டு. விஞ்ஞான - தொழில்நுட்பப் பிரிவில் சேர்க்கப்பட்ட படிப்பானால், முடித்தபின் வேலை பார்க்க 12 மாத அனுமதியோடு இன்னும் 24 மாதம் நீட்டிப்பும் கிடைக்கும். எண்களில் பிரியமுள்ளவருக்கு இது உசிதமான படிப்பு. எண்களைக் கண்டு ஒதுங்குகிறவர் விசாவுக்காக மட்டும் இதை எடுத்தால் இரண்டு பக்கமும் துன்பம்.

இனி, உண்மையிலேயே தர்மசங்கடமான நிலையிலிருப்பவர் யாரென்றால், ஓராண்டு ஒன்றரையாண்டு வேலை பார்த்தவர். அவருக்கு அநுபவம் உண்டென்றும் சொல்லமுடியாது, இல்லையென்றும் சொல்லமுடியாது. இப்படிப்பட்டவர் ஐ.ஐ.எம். நேர்முகத் தேர்வில் சிக்கிக்கொள்ளும் விதம் ஒன்றுண்டு. பதினான்கு மாதம் ஒரு சாப்ட்வேர் கம்பெனியில் இருந்ததாகச் சொல்லும் இளைஞரை, "உங்கள் கிளையன்ட் என்ன வியாபாரம் செய்கிறார்? அவருக்கு லாபம் எதில் வருகிறது? நீங்கள் பார்த்துக்கொள்கிற அந்த சிஸ்டம் ஒருநாள் படுத்துவிட்டால் யாருக்கு என்ன நஷ்டம்?" என்று கேட்பார்கள். மாதத்துக்கு எத்தனை 'டிக்கெட்', அதாவது பழுது தீர்க்கும் கோரிக்கை, முடித்தோம் என்பது அவருக்கு மனப்பாடம். அந்தக் கோரிக்கைகளுக்கு அப்பால் இருந்த வியாபாரத்தை அவர் ஒருநாளும் எட்டிப்பார்த்ததில்லை. அவருக்கு அடுத்து உள்ளே வருகிற பி.காம். மாணவிக்கு வேலைச் சான்றிதழ் ஒன்றுமில்லை. ஆனால் இரண்டு வருஷமாக அப்பாவின் ஹார்டுவேர் கடைக்கு ஜி.எஸ்.டி. கணக்கை அவளே பார்த்துவந்தபடியால், பெயிண்டில் என்ன லாபம், பைப்பில் என்ன லாபம், கொத்தனாருக்குக் கமிஷன் எவ்வளவு, மழைக்காலத்தில் எந்தச் சரக்கு தேங்கும் என்று தயங்காமல் சொல்வாள். படிவத்தில் 'அநுபவம்' என்ற கட்டத்தில் அவள் பூஜ்யமே போடவேண்டும். பட்டம் பெற்றபின் பார்த்த முழுநேர வேலையைத்தான் கலாசாலைகள் மாதக்கணக்கில் எண்ணுகின்றன. ஆயினும் எதிரே உட்கார்ந்திருப்பவர்களுக்கு வித்தியாசம் தெரியும்.

ஆகவே ஒன்றரையாண்டுக்காரர் முதலில் செய்யவேண்டியது, இருக்கிற வேலையிலேயே வியாபாரத்தின் பக்கம் திரும்புவது. கிளையன்ட் கூட்டத்துக்குக் குறிப்பெடுக்கவாவது போகலாம். செலவுக் கணக்கைக் கேட்டு வாங்கிப் படிக்கலாம். விற்பனைக்கோ செயல்முறைப் பிரிவுக்கோ மாற்றம் கேட்கலாம். இப்படி இன்னும் இரண்டாண்டு இருந்தால், ஐ.எஸ்.பி. முதல் பிரான்சின் இன்ஸியாட் வரை ஓராண்டு எம்.பி.ஏ.க்களின் வாசலில் தைரியமாக நிற்கலாம். காத்திருப்பது பெண்களுக்கு எளிதன்று என்பதையும் நான் அறியாமலில்லை; "இருபத்தேழு வயதில் போய் என்ன படிப்பு?" என்று ஜாதகக் கட்டை கையில் எடுத்துக்கொண்டு கேட்கிற பாட்டிமார்கள் இன்னும் எல்லா வீடுகளிலும் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பயந்து, சேரத் தகாத படிப்பில் அவசரமாகச் சேருகிற பெண்ணுக்குப் படிப்பாலும் நிம்மதியில்லை. ஆனால் குடும்பம் உண்மையிலேயே இடந்தராது என்று தெரிந்தால், இந்திய இரண்டாண்டுப் படிப்பையோ ஐரோப்பிய முதுகலையையோ இப்போதே முடித்துக்கொள்வது அவளுக்குத் தகுந்த தீர்மானமாக இருக்கலாம்.

பணத்தைப் பற்றிப் பேசாமல் இந்த விஷயம் முடியாது. 2024-ல் மத்திய சர்க்கார் கொண்டுவந்த பிரதம மந்திரி வித்யாலக்ஷ்மி திட்டத்தின்படி, தெரிந்தெடுக்கப்பட்ட தரமான இந்தியக் கல்வி நிலையங்களில் தகுதியால் இடம் பெற்றவருக்கு, ஈடும் ஜாமீனும் கேட்காமல் வங்கிகள் கடன் கொடுக்கின்றன. வெளிநாட்டுக்கென்றால், பெரிய தொகைக்கு வங்கி வீட்டுப் பத்திரத்தைக் கேட்பது சகஜம். 40 லட்ச ரூபாயை நூற்றுக்கு 10 வட்டியில் வாங்கிப் பத்தாண்டில் தீர்ப்பதானால், மாதத் தவணை ஏறக்குறைய 52,860 ரூபாய். படிக்கிற காலத்திலும் வட்டி ஏறிக்கொண்டே இருக்கிறபடியால், நிஜத்தில் இதற்கு மேலேயே ஆகும். படிப்பு முடிந்து அந்நாட்டிலேயே வேலை கிடைக்கும் என்ற நம்பிக்கையில்தான் இந்தக் கணக்கு நிற்கிறது. அந்த நம்பிக்கையோ விசா விதிகளின் கையில் இருக்கிறது. பிரிட்டனில் படித்தபின் இரண்டாண்டு தங்கி வேலை தேட 2021 முதல் இருந்துவரும் அனுமதியை, 2027 தொடக்கம் முதல் விண்ணப்பிப்பவர்களுக்குப் பதினெட்டு மாதமாகக் குறைப்பதாக அந்நாட்டு அரசாங்கம் அறிவித்துவிட்டது.

இதில் நான் தயக்கமில்லாமல் கண்டிக்கக்கூடியது ஒன்றே ஒன்று. அநுபவம் கேட்கிற நல்ல கலாசாலைகள் இடம் கொடுக்காதபோது, அநுபவமே வேண்டாம், உடனே வாருங்கள் என்று ஆசையோடு அழைக்கிற மூன்றாந்தர வெளிநாட்டு எம்.பி.ஏ.க்கள் பல உண்டு. வகுப்பில் பெரும்பாலோர் நம் ஊரிலிருந்தே போன, அநுபவமற்ற பிள்ளைகள். அந்நாட்டுக் கம்பெனிகள் எம்.பி.ஏ. என்று எதிர்பார்ப்பது அநுபவசாலிகளை; ஆகையால் படிப்பு முடிந்ததும் இவர்கள் அதற்கும் பொருந்தாமல், இளநிலைப் பட்டதாரிகளுக்கான வேலைகளுக்கும் மிஞ்சினவர்களாய்த் திண்டாடுகிறார்கள். இத்தகைய கலாசாலையின் பிரதிநிதி உங்கள் ஊர் ஹோட்டல் மண்டபத்தில் கூட்டம் போடும்போது, கட்டிடத்தின் படங்களைப் பார்ப்பதோடு நின்றுவிடாமல், எழுந்து இரண்டு கேள்விகள் கேளுங்கள்: சென்ற ஆண்டு வகுப்பில் சேர்ந்தவர்களின் அநுபவம் சராசரி எத்தனை மாதம்? அநுபவமே இல்லாமல் சேர்ந்தவர்களில் இத்தனை பேருக்கு, இன்ன கம்பெனியில், இன்ன பதவியில் வேலை கிடைத்தது என்று எழுத்தில் தரமுடியுமா? எழுத்தில் தரும்வரை முன்பணம் கட்டாதீர்கள்.